ஆறப்போட்ட சாணம் எரு ஆகிவிடாது

“நன்றாக மக்கிய எருதான் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே, கருகிய தக்காளி நாற்றுகளை ஒரு பையில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார் ஒரு விவசாயி. இந்த மாதத்தில் இது நான்காவது பை. தோட்டத்துக்குப் போய் அவருடைய குவியலைக் கிளறிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் ஆழத்துக்குப் பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே பச்சைச் சாணமும் கோழி எச்சமும் கொட்டிய அன்றைய நாற்றத்தோடு அப்படியே இருந்தன. எட்டு மாதக் குவியலாம்!

மாதக் கணக்கை என்னிடம் சொல்லாதீர்கள். குவியல் சூடேறியதா, எத்தனை முறை கிளறினீர்கள், இந்த இரண்டைச் சொன்னால் போதும். காய்வது வேறு, மக்குவது வேறு. மேல்பரப்பில் நாற்றம் அடங்கிவிட்டது என்பதால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று ஆகாது. காற்றுப் புகாத குவியல் வேகாது, வெறுமனே கிடக்கும். கிளறாமல் விட்ட செம்மறியாட்டு எருவில் ஆபத்தான ஈ.கோலை கிருமி 21 மாதங்கள் உயிரோடு இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எட்டு மாதம் எம்மாத்திரம்?

குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அந்தச் சூடு 15 நாளாவது நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போனால்தான் களைவிதையும் கிருமியும் சாகும். 70 டிகிரியைத் தாண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்து செத்துவிடும், உடனே புரட்டிவிடுங்கள். நீளக் கம்பியுள்ள தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கையை விட்டுப் பார்த்து 55 என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சாணத்தை மட்டும் குவிக்காதீர்கள். வைக்கோல், சருகு, மரத்தூள் என்று ஏதாவது கலந்தால்தான் காற்றுக்கு வழி உண்டு. கோழி எச்சத்துக்கு இன்னும் தாராளமாகவே வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால், உங்கள் தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் ஒழுகக் கூடாது.

நாற்று கருகாமல் இலை மட்டும் சுருண்டு முறுக்கிக்கொண்டால் அது வேறு வழக்கு. மாடு தின்ற வைக்கோலில் அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லி இருந்திருக்கலாம். அது மாட்டின் வயிற்றையும் தாண்டும், குவியலின் சூட்டையும் தாண்டும். வைக்கோல் வாங்கும்போதே என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள்.

எரு தயார் என்று தோன்றினால், மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் பத்து முள்ளங்கி விதையையும், வெறும் மண் நிரப்பிய இன்னொரு தொட்டியில் பத்து விதையையும் போடுங்கள். எருத் தொட்டியில் மட்டும் முளை குறைந்தால் அந்த எருவை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கீரை, கேரட் போலப் பச்சையாகத் தின்னும் பயிர் வைப்பவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எருவில் சிறிது சந்தேகம் இருந்தாலும் அறுவடைக்கு 120 நாள் முன்பாகவே அதை மண்ணில் கலந்துவிடுங்கள். நாள் போதாதென்றால் இந்தப் பருவம் அந்தக் குவியலைத் தொடாதீர்கள்.