மூன்று மீட்டர், மூன்று நொடி

பத்தடி என்பது 3.05 மீட்டர். இந்த ஒரு கணக்கை நான் ராணிப்பேட்டைத் தோல் பொருள் தயாரிப்பாளர் ஒருவரின் செலவில் கற்றுக்கொண்டேன். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் தோல் கண்காட்சி, விடிந்தால் திறப்பு. நான் செய்து கொடுத்த பாப்-அப் டிஸ்பிளேயை, அதாவது ஸ்டாலுக்குப் பின்சுவர்போல் விரித்து நிறுத்தும் விளம்பரத் திரையை, அவருடைய ஆட்கள் விரிக்கிறார்கள், அது முழுதாக விரிய மறுக்கிறது. ஸ்டால் அகலம் 3 மீட்டர். பக்கப் பலகைகளின் தடிமன் போனால் உள்ளே இன்னும் கொஞ்சம் குறைவு. நான் கொடுத்ததோ பத்தடி. இரவு பத்து மணிக்கு அதைக் கோணலாகத் திருப்பி நிறுத்தினோம். பின்னால் முக்கோணமாக ஓர் இடம் வீணாயிற்று. மறுநாள் முதல் அதில் சாப்பாட்டுப் பைகளும் செருப்புகளும் சேர்ந்தன.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஸ்டால் உள்ளளவைக் கேட்டு வாங்கி உங்களிடம் கொடுத்திருக்க வேண்டியது நான்தான் தம்பி" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து, கண்காட்சி நடத்துபவர்கள் அனுப்பும் அளவுத்தாளைப் பார்க்காமல் நான் கணினியைத் திறப்பதில்லை.

வேலூரில் பதினைந்து ஆண்டுகளாகக் கண்காட்சி டிஸ்பிளே வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கும் வேலையைச் செய்கிறேன். தோல், கைத்தறி, ஊதுபத்தி, கல்லூரிகள், உழவர் குழுக்கள் என்று பழைய வடஆற்காடு மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே. டிஸ்பிளேயை உட்கார்ந்துகொண்டு வடிவமைக்கிறோம். பார்க்கப் போகிறவர் நடந்துகொண்டு பார்க்கிறார். நானும் வாடிக்கையாளரும் ஒரு திரையின் முன்னால் காபியோடு அமர்ந்து, அரை மணி நேரம் அதையே உற்றுப் பார்த்து, "இந்த ஓரம் காலியாக இருக்கிறதே, ஐஎஸ்ஓ சான்றிதழைப் போட்டுவிடலாமா?" என்று பேசுகிறோம். கண்காட்சிக்கு வருபவர் அப்படியா பார்க்கிறார்? கூட்டத்தில் மெதுவாக நடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வையுங்கள். உங்கள் 3 மீட்டர் ஸ்டாலை அவர் மூன்று நொடியில் கடந்துவிடுவார். எதிர் ஸ்டாலில் இலவசப் பேனா கொடுத்தால் அந்த மூன்றும் கிடையாது.

மூன்று நொடியில் ஒரு படமும் நாலைந்து சொற்களும் மனத்தில் ஏறும். கம்பெனி தொடங்கிய ஆண்டு, கிளைகளின் முகவரி, பதினெட்டுப் பொருள்களின் பட்டியல், நிறுவனரின் பொன்மொழி எல்லாம் ஏறாது. அவற்றுக்குத் துண்டறிக்கை இருக்கிறது, க்யூஆர் குறியீடு இருக்கிறது, உங்கள் வாய் இருக்கிறது. டிஸ்பிளேயின் வேலை நடப்பவரின் காலை நிறுத்துவது. நின்றவரிடம் பேசுவது உங்கள் வேலை.

இதை எங்கள் வேலூர் லாங்கு பஜாரில் போய்ப் பாருங்கள் என்பேன். கோடையில் தர்பூசணி விற்பவர் எந்தப் பலகையும் எழுதி வைப்பதில்லை. ஒரு பழத்தை அறுத்து, சிவந்த பக்கம் தெருவைப் பார்க்கும்படி குவியலின் உச்சியில் வைக்கிறார். நூறு பச்சை உருண்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு. இருபதடி தூரத்திலேயே தொண்டை வறள்கிறது. ஆம்பூரில் பிரியாணி தேக்சாவை அடுப்படியில் ஒளித்து வைக்காமல் கடை வாசலில் ஏற்றி வைத்திருப்பதும் இதே வித்தைதான். நம் ஊர்க்காரர்களுக்கு டிஸ்பிளே தெரியும். ஃபிளெக்ஸ் என்றதும் மறந்துவிடுகிறார்கள்.

எந்த உயரத்தில் எதை வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பாப்-அப் பெரும்பாலும் ஏழரை, எட்டடி உயரம். அதன் முன்னால் இரண்டரை அடி உயர மேசை வரும், மேசைமேல் சாம்பிள்கள் வரும், மேசைக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் இருவர் நிற்பார்கள். ஆக, தரையிலிருந்து மூன்றடி வரை அச்சடிப்பது எதுவும் உங்களுக்கும் மேசைவிரிப்புக்கும் மட்டுமே தெரியும். கைப்பேசி எண்ணை அங்கே போட்டுவிட்டு, "யாரும் கூப்பிடவில்லையே" என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். மூன்று முதல் ஐந்தரை அடி வரை கண்மட்டம். அதுதான் பொன்னான இடம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஸ்டால் காலியாக இருக்கும்போது அது உண்மை. கூட்டம் சேர்ந்ததும் அந்த இடத்தில் தெரிவது வந்தவர்களின் முதுகு. எனவே பெயரும் முக்கியமான ஒரு வரியும் ஆறடிக்கு மேல் இருக்கட்டும். கண்மட்டத்தில் படம் இருக்கட்டும். பாதி மறைந்தாலும் படம் படம்தான், பாதி மறைந்த வாக்கியம் வாக்கியமல்ல.

நிற்கிற ஆட்களைப் பற்றியும் ஒன்று. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விற்க வந்தவர் மாட்டுக்கு முன்னால் நின்று அதை மறைப்பதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நிற்கிறார். வாங்க வந்தவர் முதலில் மாட்டைப் பார்க்கிறார், அப்புறம் இவர் முகத்தை. கண்காட்சிகளில் நாம் டிஸ்பிளேக்கு நேர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறோம்.

எழுத்தின் அளவுக்குப் பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். முப்பதடியிலிருந்து படிக்க வேண்டிய பெயர் மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். இது ஆங்கில எழுத்துக்குப் பொருந்துகிற கணக்கு. தமிழுக்கு நான் இன்னும் பாதி கூட்டிக்கொள்வேன். நம் எழுத்தில் புள்ளி இருக்கிறது. மெல்லிய எழுத்துருவில் தூரத்திலிருந்து முதலில் காணாமற்போவது அதுதான். மேலே கொக்கி வளையும் 'கி', கீழே சுழியும் 'கு' இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்ளாமலிருக்க வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். எழுத்துகளை அகட்டி வைப்பது ஆங்கிலத்தில் அழகாக இருக்கும். தமிழில் அப்படிச் செய்தால் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் ஊர்வலம் போகும்.

என் கடையிலேயே அதைவிட மோசமாக ஒருமுறை நடந்தது. யூனிகோடில் தட்டச்சு செய்த 'தோல் பொருட்கள்' என்ற தலைப்பைப் பழைய மென்பொருள் ஒன்றில் ஒட்டினோம். அதற்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்புகள் பின்னால் போய் நின்றன. பையன் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை; அச்சாகி விரித்த பிறகு வாடிக்கையாளரின் எட்டு வயது மகள்தான் பார்த்தாள். இப்போது தமிழ்ச் சொற்களை யூனிகோடு நன்றாகத் தெரிந்த மென்பொருளில் அமைத்து, எழுத்தைப் படம்போல் குலையாத வரைகோடுகளாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம். அதற்கு முன் தாளில் ஒரு பிரதி எடுத்து, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். உங்களுக்குச் செய்து கொடுப்பவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

படத்துக்கு வருகிறேன். அணைக்கட்டுப் பக்கத்து உழவர் குழு ஒன்று வேளாண் கண்காட்சிக்கு டிஸ்பிளே கேட்டது. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முள்ளுக் கத்தரிக்காய்தான் அவர்கள் பொருள். கொண்டுவந்த மாதிரியில் சூரிய உதயம், டிராக்டர், தலைவர்கள் படம் எல்லாம் இருந்தன. கத்தரிக்காய் எலுமிச்சை அளவில் ஒரு மூலையில் கிடந்தது. நான் ஒரே ஒரு காயை நாலடி உயரத்துக்குப் போடலாம் என்றேன், காம்பிலுள்ள முள் குத்துவதுபோல் தெரிய வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். சிக்கல் அடுத்து வந்தது: படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சாதாரணமாக அனுப்பினால் அதில் படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருங்கிவிடும். நாலடி என்றால் 48 அங்குலம். அங்குலத்துக்கு 33 புள்ளிதான் கிடைக்கும். அருகில் நின்று பார்க்கும் டிஸ்பிளேக்கு 100 புள்ளியாவது வேண்டும், அதாவது 4800. கத்தரிக்காய் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும். அதே கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னேன், வேலை முடிந்தது.

டிஸ்பிளேயைத் தாங்கும் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாப்-அப் என்பது குடைபோல் விரியும் அலுமினியப் பின்னல். அதன்மேல் படத்தை மாட்ட இரண்டு வழி. ஒன்று, காந்தப் பட்டைகளில் தொங்கும் தனித்தனிப் பலகங்கள். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் பலகங்களுக்கு நடுவே இணைப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் முகமோ சிறிய எழுத்தோ விழக் கூடாது. மற்றது ஒரே பாலியஸ்டர் துணியில் அச்சடித்து ஓரங்களில் வெல்க்ரோ ஒட்டுவது. கோடு கிடையாது, துணியைச் சட்டத்திலேயே விட்டு மடக்கலாம், தோள்பையில் போட்டுக் காட்பாடியில் ரயிலேறிவிடலாம். சிறு நிறுவனங்களுக்கு நான் துணியைத்தான் சொல்வேன். வளைந்த சட்டம் அழகுதான். ஒன்பது சதுர மீட்டர் ஸ்டாலில் அது தின்னும் இடத்துக்கு வாடகை கொடுப்பது நீங்கள். நேரானதே போதும். பளபளப்பு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கடையில் மின்னும், அரங்கில் மேல் விளக்கு அதில் விழுந்து உங்கள் பெயரின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டாக நிற்கும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஒரு வார்த்தை. கத்திரி நாளில் காருக்குள் வைத்துப் பூட்டிய டிஸ்பிளேயை எடுத்துப் பாருங்கள்: இருபக்க டேப் இளகி, வெல்க்ரோ கழன்று, காந்தப் பட்டைகள் கையோடு வரும். திறந்த மைதானத்தில் நிறுத்துவதாக இருந்தால் பாப்-அப்பே வேண்டாம். எட்டுக்கு எட்டு அடி என்றால் 64 சதுர அடிப் பாய்மரம். ஒரு காற்றுக்குப் போதும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் ஓர் இளம்பெண் உயிரிழந்த செய்தியைப் படித்த பிறகு, மணல் மூட்டை கட்டாமல் வெளியில் எதையும் நிறுத்த நான் சம்மதிப்பதில்லை. சாலையோரம் என்றால் உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். இதில் என்னோடு சண்டை போட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, போகட்டும்.

கடைசியாகக் குடியாத்தத்து லுங்கிக்காரர். முதலில் அவர் கொண்டுவந்த தாளில் 22 வரிகள் இருந்தன. நான் ஒவ்வொரு வரியாகப் படித்து, "இதைப் பார்த்து யாராவது நடையை நிறுத்துவார்களா அண்ணே?" என்று கேட்டேன். பத்தாவது வரியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் டிஸ்பிளே முழுவதும் அவர் தறியில் நெய்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிப் போட்டோம். சாதாரணமாக விரலளவு இருக்கும் கட்டம் ஒன்றரை அடி. மேலே பெயர், அதற்கு அடுத்தே 'தொட்டுப் பாருங்கள்' என்று ஒரு வரி, முன்னால் கொடியில் உண்மையான லுங்கிகள். மூன்று நாளும் ஆட்கள் நின்றார்கள், தொட்டார்கள், சிலர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்கள் என்று தொலைபேசியில் சொன்னார்.

மறு ஆண்டு அதே டிஸ்பிளே போதும் என்றார். "அப்பா படம் மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். அவர் போட்ட தறி அல்லவா." எங்கே வைப்பது என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். மேலே வைத்தால் பெயர் சிறிதாகும், நடுவே வைத்தால் கட்டம் உடையும். இறுதியில் துணியின் உள்பக்கம், டிஸ்பிளேக்குப் பின்னால் போகிறவருக்கு மட்டும் தெரியும் இடத்தில், கண்மட்டத்தில் ஒட்டினோம். காலையில் ஸ்டாலைத் திறந்ததும் அவர் முதலில் அங்கே பூ வைக்கிறாராம்.