கேட்கிறது, ஆனால் புரியவில்லை

எங்கள் கிளினிக்கில் ஆடியோமெட்ரி, அதாவது கேட்கும் திறன் சோதனை, செய்வதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் அடைத்திருக்கும், கதவும் கனமானது. விசைத்தறியில் முப்பது வருடம் நின்ற ஒருவரை அதில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். ஹெட்போனில் நான் இன்னும் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"சத்தம் வந்துருச்சுங்க மேடம். ஙொய்யின்னு கேக்குது. வெளிய இருக்கறப்ப இத்தனை இல்லீங்க."

கூட வந்திருந்த அவர் மனைவிக்கு வேறொரு குறை. "தனியா இருந்தா நல்லாத்தானுங்க கேக்குது. கல்யாண வீட்டுக்குப் போனா யாரு என்ன சொன்னாலும் மண்டைய ஆட்டிட்டு வந்துர்றாரு. வேணும்னே காதுல வாங்கிக்க மாட்டேங்கறாரு."

அமைதியில், இல்லாத சத்தம் கேட்கிறது. கூட்டத்தில் இருக்கிற பேச்சு புரியவில்லை. வாரம் தவறாமல் இந்த இரண்டு குறைகளையும் கேட்கிறேன். இரண்டுமே காதில் தொடங்கி மூளைக்குள் போய் முடிபவை. வேணும்னே செய்வது, மனப்பிரமை, நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் ஆளாளுக்குப் பெயர் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதனால்தான் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நரம்பு செல்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புவது போலவே, ஒன்றையொன்று அடக்கவும் செய்யும். அடக்குவதற்கு மூளை முக்கியமாகப் பயன்படுத்தும் வேதிப்பொருள்கள் இரண்டு: காபா, கிளைசின். வண்டிக்கு பிரேக் எப்படியோ, கேட்கும் திறனுக்கு இவை அப்படி.

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் யாராவது கூப்பிட்டால், அந்தச் சத்தம் இடது காதை எட்ட ஆகும் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட நுணுக்கமாக, ஒரு நொடியை 1 லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேர வித்தியாசத்தைக்கூட நல்ல காதுகளுள்ள மனிதரால் உணர முடியும். இந்த வேலைக்கு மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டில் தனியாக ஓர் ஏற்பாடே இருக்கிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹான்ஸ் ஹெல்டு 1893-ல் அங்கே ஒரு வினோதமான நரம்பு இணைப்பைப் பார்த்து எழுதினார். ஒரு கை பந்தைப் பொத்திப் பிடிப்பது போல, ஒரு நரம்பின் நுனி அடுத்த செல்லை அப்படியே கவ்வியிருக்கும். பாலூட்டிகளின் மூளையில் உள்ள மிகப் பெரிய நரம்பு இணைப்புகளில் அது ஒன்று. அவ்வளவு பெரிதாக இருப்பது வேகத்துக்காக. ஒரு காதிலிருந்து வரும் செய்தியை அது நொடியும் வீணாக்காமல் கைமாற்ற, அதை வாங்கும் செல் எதிர்ப்பக்கத்துச் செல்லின் மீது கிளைசினைச் சுரந்து அடக்குகிறது. அதாவது மூளை ஒரு காதின் சத்தத்திலிருந்து மற்றக் காதின் சத்தத்தைக் கழித்துப் பார்க்கிறது. மீதி என்ன என்பதை வைத்துத் திசையைச் சொல்கிறது. ஜெர்பில் என்ற சின்னக் கொறிவிலங்கில் கிளைசினை மருந்து கொடுத்துத் தடுத்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. நேர வித்தியாசத்துக்கு ஏற்ப அந்தச் செல்கள் பதில் சொல்லும் விதமே இடம் மாறிப்போனது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. எலி ஓடும்போது, அதன் அசைவுகளை நடத்தும் மூளைப் பகுதி கேட்கும் பகுதிக்கு ஒரு செய்தி அனுப்பி, அங்குள்ள அடக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது என்று 2014-ல் கண்டார்கள். தன் காலடிச் சத்தம் குறைந்தால்தானே பூனையின் காலடி கேட்கும்!

இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பதற்கும் இந்த பிரேக்குகள் வேண்டும். தறி ஐயாவின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் சோதனையின் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சென்ற சத்தத்தின் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அது இரைச்சல் விட்டுப்போகும் தடம். சத்தத்தை உணரும் உள்காதின் முடி செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான். பாலூட்டிகளுக்கு அவை போனால் திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் வரத்து குறைந்தால், மூளை தன் பிரேக்கைத் தளர்த்தி இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டப் பார்க்கிறது. பேச்சு பெரிதாகும்போது கூடவே பாத்திரச் சத்தம், நாதஸ்வரம், பக்கத்து இலைக்காரர் பேச்சு எல்லாம் சேர்ந்து பெரிதாகின்றன. வயதான எலிகளின் மூளையில் காபா குறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். வயதும் இரைச்சலும் சேர்ந்தால் இரட்டைச் சுமை.

வெளியே சத்தம் இல்லாமலே காதுக்குள் கேட்கும் காது இரைச்சலுக்கும் (டின்னிட்டஸ்) இதே தளர்வு ஒரு முக்கியமான விளக்கம். எல்லோருக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1953-ல் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமில்லாத அறையில் உட்கார வைத்தபோது, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அறையில் ஐயா கையைத் தூக்கியதில் ஆச்சரியம் இல்லை.

இதைச் சொன்னதும் அவர் மகன் செல்போனில் தேடி, "அப்ப காபா மாத்திரை வாங்கித் தரலாமா மேடம்?" என்றார். நியாயமான கேள்விதான். வாய்வழி விழுங்கும் காபா மூளையின் அந்த இடத்துக்குப் போய் வேலை செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. காபாவைத் தூண்டும் தூக்க மாத்திரைகள் மூளை முழுக்க பிரேக் போடும். மந்தம், பழக்கமாகிவிடுதல், வயதானவர்கள் தடுமாறி விழுதல் எல்லாம் பின்னாலேயே வரும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி, காது இரைச்சலுக்கென்று பதற்றத் தணிப்பு மாத்திரைகளையும் ஜின்கோ என்ற மூலிகையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதால் மூளைத்தண்டுக்கு ஒன்றும் ஆகாது, செவிப்பறைதான் புண்ணாகும்.

அதிக அளவு ஆஸ்பிரினும் தற்காலிக இரைச்சலைக் கிளப்பும். ஆனால் இதயத்துக்காகக் குறைந்த அளவில் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

உதவுவது மூளைக்கு மறுபடி வரத்தைக் கொடுப்பது. கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மிஷினைத் தள்ளிப்போடாமல் போடுங்கள். முதல் சில வாரம் தட்டு வைத்தாலே அதிர்வது போல இருக்கும். குறைந்த சத்தத்துக்குப் பழகிய மூளை அது. அந்தக் கட்டத்தில்தான் பலர் மிஷினைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தினம் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள், ட்யூனிங்குக்குத் திரும்ப வாருங்கள். இரவில் முழு அமைதி வேண்டாம். ஃபேன் சத்தமோ, மெல்லிய மழைச் சத்தமோ ஓடட்டும். இரைச்சல் மனதைப் பிடித்து ஆட்டினால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பேசிப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் கூட்டத்தில் புரியவில்லை என்றால் அதை ஒதுக்காதீர்கள். பலத்த இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளில்கூட, சில இடங்களில் நரம்பு இணைப்புகள் பாதியளவு அழிந்திருந்ததை 2009-ல் காட்டினார்கள். இரைச்சலோடு சேர்த்துப் பேச்சைக் கேட்க வைக்கும் பரிசோதனை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

திடீரென்று ஒரு காது அடைத்தது போலக் கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சில நாள் தாமதித்தாலும் மருந்தின் பலன் குறைந்துவிடும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், கூடவே தலைசுற்றல் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

ஐயா இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், இரண்டு காதிலும் மிஷினோடு. சத்தம் போயிருச்சா என்றேன். "இருக்குதுங்க. ஆனா அதையே கேட்டுட்டு உக்காந்திருக்கறது இல்லீங்க" என்றார். அப்புறம் நான் அவர் மனைவியை அவருக்குப் பின்னால், இடப்பக்கமாக நிற்கச் சொல்லி மெதுவாகக் கூப்பிடச் சொன்னேன். அவர் இடப்பக்கமே திரும்பினார்.