பக்கத்தில் ஒரு குரல், தூரத்தில் ஒரு சுவர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி எல் பாசோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மாடிப்படியில், நான்கு மாடி உயரத்துக்கு வெறும் சுவரும் படியுமாக இருந்த இடத்தில், கிரெக் கோன்சாலஸ் என்பவர் தன் இசைக்குழுவோடு சில பாட்டுகளைப் பதிவு செய்தார். குழுவின் பெயர் சிகரெட்ஸ் ஆஃப்டர் செக்ஸ். 2012-ல் அந்தப் பதிவுகள் வெளிவந்தபோது பெரிய சலசலப்பு ஒன்றும் இல்லை. சில வருடம் கழித்து யூடியூப் வழியாக ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், இன்று உலகம் முழுக்க நள்ளிரவில் இயர்போன் மாட்டிக்கொண்டு படுத்திருக்கும் லட்சக்கணக்கான பேருக்கு அது தெரிந்த குரல்.

எனக்கும்தான். அந்தப் பாட்டுகளில் தாளம் மெதுவாக நடக்கும், கிட்டார் மூன்று நான்கு சுரங்களை எடுத்து நீரில் விட்டதுபோல மிதக்க விடும், குரல் கிட்டத்தட்ட பேச்சு அளவுக்குத்தான் இருக்கும். கேட்டால் மனசு கனக்கிறது, ஆனாலும் நிறுத்தத் தோன்றுவதில்லை. இதை "ட்ரீம் பாப்" என்கிறார்கள், கனவுப் பாப் இசை. 1980-களின் பிற்பகுதியில் லண்டனில் இருந்த ஏ.ஆர். கேன் என்ற இரட்டையரில் ஒருவரான அலெக்ஸ் அயூலிதான் அந்தப் பெயரை முதலில் சொன்னவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயர் இருக்கட்டும். சோகமான ஒன்றை நாம் ஏன் தேடிப் போய்க் கேட்கிறோம் என்பதும், ஒரு மாடிப்படிக்கு அதில் என்ன வேலை என்பதும்தான் என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கும் கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் மாடிப்படி. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், நீங்கள் கைதட்டிய ஒலி அங்கே போய் மோதித் திரும்பி வர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும், அதைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்டுவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் மாடிப்படியில் ஒரு சுவர் இல்லை. பக்கச் சுவர், படியின் அடிப்பகுதி, கைப்பிடி, நான்காம் மாடிக் கூரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கிறது, காங்கிரீட் ஒலியை அவ்வளவாக உறிஞ்சாது, திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஒரே கைதட்டலின் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. காது அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாமல் ஒரே நீண்ட வாலாகக் கேட்கிறது. இசைக்காரர்கள் இதை ரிவெர்ப் என்பார்கள்.

இதை முதலில் அளந்தவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபீன். 1895-ல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று புகார் வந்தது. ஒரு சொல் சொன்னால் அது அடங்க ஐந்தரை நொடி ஆனது, அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். சபீன் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்து அறையில் போட்டு, ஆர்கன் என்ற காற்று இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஒலிக்க விட்டு, ஊர் அடங்கிய பிறகு இரவில் நிறுத்துகடிகாரத்தோடு உட்கார்ந்து, எத்தனை மெத்தைக்கு வால் எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் என்று இன்று கட்டடக்காரர்கள் சொல்லும் அளவு அந்த இரவுகளிலிருந்து வந்ததுதான். நல்ல இசை அரங்குகளில் அது இரண்டு நொடியை ஒட்டி இருக்கும்.

அந்த அறையில் குறையாக இருந்ததைத்தான் கனவுப் பாப் கலைஞர்கள் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்றால், ரிவெர்ப் நம் காதுக்கு ஒரு செய்தி சொல்கிறது: தூரம். ஒருவர் பக்கத்தில் நின்று பேசினால் அவர் வாயிலிருந்து நேரே வரும் ஒலி அதிகம், சுவரில் பட்டு வருவது குறைவு. அவர் தள்ளிப் போகப் போக நேரே வருவது தேய்கிறது, சுவரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் எங்கே இருக்கிறார் என்று மூளை கணக்குப் போடுகிறது. நாம் யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கிறது.

இனி குரலுக்கு வாருங்கள். 1925-க்கு முன்னால் பாட்டைப் பதிவு செய்ய ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி அசையாது. மைக் வந்ததும் முணுமுணுத்தால் போதும் என்றாகிவிட்டது. அதிலும் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் மைக்கில் உதட்டை ஒட்டி வைத்துப் பாடினால், கீழ்ச்சுருதி ஒலிகள் கூடுதலாக ஏறும். குரலுக்கு ஒரு வெதுவெதுப்பு வரும். மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, எச்சில் விழுங்குவது எல்லாம் கேட்கும். நிஜ வாழ்க்கையில் இந்த ஒலிகளை நமக்குக் கேட்க விடுகிறவர்கள் எத்தனை பேர்? தலையணையைப் பகிர்ந்துகொள்கிறவர், மடியில் கிடக்கும் குழந்தை, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குரல் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அதே குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய கோயில் மண்டபம் அளவுக்கு வெளி திறந்து கிடக்கிறது. இது இயற்கையில் நடக்காது. யாராவது ஆயிரங்கால் மண்டபத்தில் உங்கள் காதில் கிசுகிசுத்தால், கிசுகிசுப்பு மட்டும்தான் கேட்கும். அந்த மெல்லிய ஒலிக்கு மண்டபம் தரும் பதில் காதுக்கு எட்டாது. மண்டபத்தின் பதிலைக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும், கத்துகிறவர் நெருக்கத்தில் இருக்க மாட்டார். பாட்டில் மட்டும்தான் இரண்டும் ஒன்றாக நடக்கிறது, மிக நெருக்கமும் மிகத் தூரமும். போய்விட்ட ஒருவரை நினைக்கும்போது அவர் இருக்கும் இடமும் அப்படித்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முகம் கண்ணுக்குள்ளேயே இருக்கும், ஆள் எங்கேயோ இருப்பார். இந்த இசையின் சோகம் பாட்டு வரிகளில் இருப்பதைவிட இந்த ஒலி அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிகள் அவ்வளவு முக்கியம் இல்லை என்பதற்குப் பெரிய சாட்சி காக்டோ ட்வின்ஸ். ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஊரில் 1979-ல் தொடங்கிய குழு. எலிசபெத் ஃப்ரேசர் பாடுவது பல பாட்டுகளில் எந்த மொழி என்றே பிடிபடாது, பொருளைவிட ஒலிக்காகச் சொற்களைப் பொறுக்கிக் கோத்தவர் அவர். 1990-ல் வந்த அவர்களுடைய 'ஹெவன் ஆர் லாஸ் வேகாஸ்' தொகுப்பை ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் பாதிக்குமேல் ஊகித்துத்தான் கேட்கிறார்கள். ரிவெர்பும் இதற்குத் துணை நிற்கிறது. உயிரெழுத்து ஒலி நீளமானது, கனமானது. க், ச், ட், ப் போன்ற மெய்கள் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வந்து போகும் சின்னச் சத்தங்கள். முன்னால் வந்த உயிரொலியின் வால் இன்னும் அடங்காமல் இருக்கும்போது இந்தச் சின்னச் சத்தங்கள் அதற்குள் மூழ்கிவிடுகின்றன. மிஞ்சுவது ஆ, ஊ என்ற நீரோட்டம். ஆங்கிலப் பாட்டு புரியாதே என்று தயங்குகிறவர்கள் இந்த இசையில் தாராளமாக இறங்கலாம், இங்கே யாரும் உங்களைவிட அதிகம் புரிந்துகொண்டு கேட்பதில்லை.

அதே குழுவில் கிட்டார் வாசித்த ராபின் கத்ரியின் கிட்டாருக்கும் இதே வைத்தியம்தான். கிட்டார்க் கம்பியைத் தட்டியதும் முதலில் "டங்" என்று ஒரு கூர் வரும், பிறகுதான் சுரம். அந்தக் கூர் ரிவெர்பிலும், ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவிடும் டிலே என்ற கருவியிலும் மழுங்கிப் போகிறது. கோரஸ் என்ற கருவியையும் சேர்த்துக்கொள்வார்கள். அது வரும் ஒலியை நகலெடுத்து, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போலத் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலந்துவிடும். தாமதம் மாறிக்கொண்டே இருப்பதால் நகலின் சுருதி ஒரு மயிரிழை மேலும் கீழும் ஆடும், காதுக்கு அது தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற ஒரு அலைவாகக் கேட்கும். திடீர்ச் சத்தத்துக்கு நம் உடம்பு யோசிக்காமல் விறைக்கிறது, கதவு படாரென்று சாத்தினால் தோள் தானாக உயரும். கூரெல்லாம் மழுங்கிப்போன ஒலியில் அப்படித் தோளை உயர்த்த ஒன்றுமே இல்லை. சோகம் வருகிறது, ஆபத்து வருவதில்லை.

அப்புறம், சோகம் எப்படிச் சோகமாகக் கேட்கிறது? பாட்ரிக் யூஸ்லின், பெட்ரி லவுக்கா என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் பேச்சையும் இசையையும் பற்றி வந்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். துக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசுகிறார், குரல் தாழ்ந்திருக்கிறது, ஏற்ற இறக்கம் குறைகிறது, ஒலியில் கூர்மையான மேல்பகுதி மங்குகிறது. சோகமான இசையிலும் அதே அடையாளங்கள்தான். மேலே சொன்ன பாட்டுகளை இந்தப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். துக்க வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமலே நம் குரலும் தாழ்ந்துவிடுகிறது இல்லையா, அதுபோலப் பாட்டின் குரலோடு நம் உடம்பும் தாழ்கிறது.

சில சுரங்களை ஒன்றாக ஒலிக்க விடுவதைக் கார்டு (chord) என்பார்கள். மைனர் கார்டுதான் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று இசைப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். அது பாதி உண்மை. மாஸி ஸ்டார் குழுவின் 1993-ம் வருடத்துப் பாட்டு 'ஃபேட் இன்டு யூ', இந்த வகையில் இதைவிட அதிகம் பேர் அழுத பாட்டு இருக்குமா தெரியாது. அதன் சரணம் ஏ மேஜர், ஈ மேஜர், பி மைனர் என்று மூன்றே கார்டுகளைச் சுற்றுகிறது, மூன்றில் இரண்டு மேஜர். இந்த இசையில் அடிக்கடி வரும் மேஜர் செவன்த் என்ற கார்டு இன்னும் சுவாரசியமானது. நம் சுரத்தில் சொன்னால் ச, அந்தர காந்தாரம், ப, காகலி நிஷாதம் நான்கையும் ஒன்றாகப் பிடிப்பது. முதல் மூன்றை மட்டும் கேட்டால் மேஜர். கடைசி மூன்றை மட்டும் கேட்டால், காந்தாரத்தை அடியாக வைத்து, அதுவே ஒரு மைனர். வீட்டில் கீபோர்டு இருந்தால் சி, ஈ, ஜி, பி நான்கையும் அழுத்திவிட்டு, முதலில் பி-யையும் அடுத்த முறை சி-யையும் விடுவித்துப் பாருங்கள். ஒரே கைக்குள் இரண்டு மனநிலை இருப்பது தெரியும். இனிப்பும் உவர்ப்பும் ஒன்றாக நாக்கில் படுவதுபோல.

இவ்வளவும் சோகம் எப்படி உண்டாகிறது என்பதற்கு. அது ஏன் இனிக்கிறது என்பதற்குப் பல பதில்கள் உலவுகின்றன, எல்லாம் ஒரே எடையில் இல்லை. டேவிட் ஹியூரன் என்ற இசையியல் அறிஞர் 2011-ல் ஒரு யோசனை சொன்னார். அழும்போது உடம்பு ஆறுதலுக்காகப் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, சோக இசை உடம்பை ஏமாற்றி இழப்பே இல்லாமல் அந்த ஆறுதலை மட்டும் வாங்கித் தருகிறது என்று. கேட்க அழகான யோசனை. ஆனால் பிறகு ரத்தத்தில் அளந்து பார்த்தபோது, சோக இசை கேட்டவர்களுக்குப் புரோலாக்டின் ஏறவில்லை. அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு நெருக்கமாகப் படுவது வேறு ஒன்று. லிலா தருஃபி, ஸ்டெஃபான் கெல்ஷ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கிழக்கிலும் மேற்கிலுமாக 772 பேரிடம் சோக இசை உங்களுக்குள் என்ன எழுப்புகிறது என்று கேட்டார்கள். அதிகம் வந்த பதில் சோகம் இல்லை, ஏக்கம். பழைய நாட்களை நினைத்து வரும் அந்த இனிப்பான ஏக்கம். வேறு சில ஆய்வுகளில், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் இயல்பு அதிகம் உள்ளவர்கள் சோக இசையை மற்றவர்களைவிட ஆழமாக ரசிப்பதும் தெரிந்தது. அதாவது பாட்டு நம்மை ஒரு துக்கத்துக்குள் தள்ளுவதில்லை. ஒரு துக்கத்தின் பக்கத்தில் உட்கார வைக்கிறது. யாருடையது என்று சொல்லாத துக்கம், சொல் கரைந்துபோன துக்கம், அதனால் அதில் நம்முடையதை எடுத்து வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. பீச் ஹவுஸ் குழுவின் 'ஸ்பேஸ் சாங்' 2015-ல் வந்தது. பல வருடம் கழித்துச் சின்னச் சின்ன வீடியோக்களில் ஆளாளுக்குத் தங்கள் அம்மா படத்தையும், விட்டு வந்த ஊரையும், இறந்துபோன நாயையும் அதோடு சேர்த்துப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டு பொருந்தியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடந்ததையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நீண்ட மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு, இந்த இசை ஆறுதலாக இல்லாமல் அந்த மெல்லலுக்கே தீனியாகிவிடலாம். கேட்டு முடித்த பிறகு கொஞ்சம் லேசாக இருக்கிறதா, இன்னும் இறுகுகிறதா என்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குப் போனேன். நான்கு மாடி, லிஃப்ட் இருப்பதால் யாரும் அந்தப் படியைப் பயன்படுத்துவதில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒருமுறை கைதட்டினேன், மேலே மொட்டைமாடிக் கதவு வரைக்கும் அது ஏறிப்போனது. பிறகு போனில் ரெக்கார்டரைத் தட்டி, உதட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு தாலாட்டின் இரண்டு வரியை முனகினேன். பாடத் தெரியாது, சுருதியும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து இயர்போனில் கேட்டேன், வெறும் முனகலும் மூச்சும் மட்டும் காதை ஒட்டி இருந்தன, மாடிப்படி எங்குமே இல்லை. மறுநாள் இரவு போனை இரண்டாம் மாடிப் படியில் வைத்துவிட்டுக் கீழே வந்து அதே வரிகளைக் கொஞ்சம் உரக்கப் பாடினேன். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டியபோது, தொண்டையில் மூச்சு உரசுவது காதுக்குள்ளேயே கேட்டது, "ஆராரோ"வின் கடைசி ஓகாரம் மட்டும் எங்கோ மேலே, யாரும் இல்லாத மாடியில், இன்னும் போய்க்கொண்டிருந்தது.