கடல் உள்வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

கடலோரக் கிராமங்களில் பேரிடர் வகுப்பு எடுக்கும்போது, நிலவியலாளன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, சுனாமி வருவதற்கு அடையாளம் என்ன என்பதைத்தான். "கடல் உள்வாங்கும் சார்" என்று பல குரல்கள் ஒன்றாக எழும். நம் கரையைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது.

சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நீளும் கடலடி அகழியில், பூமியின் மேலோட்டைச் சேர்ந்த பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு, கிழக்கேயுள்ள பர்மா தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் இடத்தின் மேற்பகுதி பூட்டிக்கொள்வதால், கீழே போகும் தட்டு மேல் தட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அந்த விளிம்பு அழுந்த அழுந்த, அதற்குப் பின்னாலுள்ள பகுதி மெல்லப் புடைக்கிறது. வகுப்பில் இதை ஒரு நோட்டு அட்டையை வைத்துக் காட்டுவேன். விளிம்பைப் பெருவிரலால் அழுத்திப் பின்னோக்கித் தள்ளினால் நடுவில் அட்டை மேடாகும். விரலை எடுத்ததும் விளிம்பு துள்ளி எழும், மேடு அமர்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று காலை ஏறத்தாழ 6.30 மணிக்கு நடந்ததும் இதுதான். சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பூட்டு சில நிமிடங்களில் விட்டுப்போனது. அகழியை ஒட்டிய மேற்கு விளிம்பு எழும்பியது, கிழக்குப் பகுதி இறங்கியது. மேலிருந்த கடல்நீரும் அதோடு சேர்ந்து அங்கே எழும்பி, இங்கே தாழ்ந்து, அலையாகக் கிளம்பியது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்ததால், அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

எழும்பிய விளிம்பு நம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்ததால், மேற்கு நோக்கி வந்த அலையில் முகடு முன்னால் வந்தது. தாய்லாந்துப் பக்கம் சென்ற அலையில் பள்ளம் முன்னால் சென்றது. அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது, நம் கரையிலோ தண்ணீர் நேரே ஏறியது. இங்கே கடல் பின்வாங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு. அது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம். ஒரு வகுப்பில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர், "அதான் தம்பி, அன்னைக்குத் தண்ணி சொல்லாமலே வந்துச்சு" என்றார்.

சுமத்ராவை அடுத்த சிமியுலுவே தீவில், 1907 பேரலையின் நினைவைத் தலைமுறைகள் கடத்தி வந்ததால், தரை நடுங்கியதும் மக்கள் மேட்டுக்கு ஓடிப் பெரும்பாலும் உயிர் தப்பினார்கள். நமக்கு அந்த நடுக்கம் லேசாகத்தான் எட்டும், பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு கிடைத்தவுடன், கடலைப் பார்க்கப் போகாமல் உள்நாட்டுப் பக்கம் நகருங்கள். முதல் அலை வடிந்துவிட்டது என்று வலையையோ படகையோ எடுக்கத் திரும்பாதீர்கள். மையம் எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளும் வரை மேட்டிலேயே இருங்கள்.