சொல் விளக்கம்: பாசிவ் ஹவுஸ் – இயற்காப்பு வீடு

ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும் வீடுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிற பலர், ‘பாசிவ் ஹவுஸ்’ என்பதைச் ‘செயலற்ற வீடு’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது. செயலற்ற வீடு என்றால் ஆள் புழக்கமில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்றுதான் தமிழ்க் காதுக்குப் படும். ஆனால் அந்தப் பெயர் குறிப்பதோ, சுவரின் கனம், சன்னலின் திசை, கதவிடுக்கின் அகலம் என ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துக் கட்டும் வீட்டை.

சொல் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1988இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஆடம்சனும் ஜெர்மானிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் இந்தக் கருத்தை வகுத்தார்கள். 1991இல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில், இக்கருத்தின்படி ஒட்டினாற்போல் கட்டப்பட்ட நான்கு வீடுகளில் குடும்பங்கள் குடியேறின. 1996இல் ஃபைஸ்ட் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார்.

பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. 1893இல் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்ட நார்வே ஆய்வுப்பயணி நான்சனின் ‘ஃபிராம்’ கப்பலில், பக்கச் சுவர்களுக்குள் கம்பளி அட்டையும் தக்கையும் மரப்பலகையும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தன. வெளியே உறைபனி நிலவும்போதும் உள்ளே அடுப்பு மூட்டத் தேவைப்படவில்லை என்று நான்சன் எழுதியிருக்கிறார். 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காச்சவான் சேமிப்பு வீடும் இதே வழியில் கணப்பு உலை இல்லாமல் நின்றது.

இனி ‘பாசிவ்’ என்ற பகுதிக்கு வருவோம். இதன் வேர் ‘பதி’ என்னும் இலத்தீன் வினை. நேர்வதைத் தன்மேல் ஏற்றல், தாங்குதல், துன்பப்படுதல் என்பவை அதன் பொருள்கள். ஆங்கிலத்தில் நோயாளிக்கும் பொறுமைக்கும் உள்ள சொற்கள் இதே வேரில் பிறந்தவை. தமிழில் இதே வேலையைச் செய்வது ‘படு’. மரம் வெட்டப்பட்டது என்னும்போது மரம் எதையும் செய்யவில்லை, வெட்டை ஏற்றது. அதைத்தான் செயப்பாட்டு வினை என்கிறோம், ஆங்கில இலக்கணத்தில் அதற்கும் ‘பாசிவ்’ என்றே பெயர். ‘படாத பாடு பட்டேன்’ என்னும்போது அதே ‘படு’ துன்பத்தைச் சொல்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள், துன்பத்தைத் தாங்குவதற்கான சொல்லையே இலக்கணத்துக்கும் எடுத்துக்கொண்டது எனக்கு எப்போதும் வியப்பு. ஒலி கொஞ்சம் ஒத்திருப்பதால் ‘பதி’ ‘படு’விலிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

ஆக, மூலச் சொல்லில் செயலின்மை என்பது பின்னால் வந்து ஒட்டிய நிழல். முதற்பொருள் ஏற்றலும் தாங்கலுமே. இந்த நிழல் வேறோரிடத்திலும் தொல்லை தந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாசிவ்’ எதிர்ப்பு என்ற பெயர் வழங்கியது. அது வலுவற்றவர்களின் ஆயுதம் என்ற எண்ணத்தைத் தருகிறது என்று அவர் அந்தப் பெயரை ஒதுக்கினார். தம் இதழில் பரிசு அறிவித்து வேறு சொல் தேடினார். அந்தத் தேடலில் பிறந்ததுதான் சத்தியாகிரகம். பொருந்தாத பெயரை மாற்றுவது வீண்வேலை என்று எண்ணுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

கட்டடக்கலையில் இந்தச் சொல் ‘ஆக்டிவ்’ என்பதற்கு எதிர்நிலை. மின்சாரமோ எரிபொருளோ கொடுத்து, பொறியை ஓட்டி அறையைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் ‘ஆக்டிவ்’. கட்டடம் தன் அமைப்பாலேயே அதைச் செய்துகொள்வது ‘பாசிவ்’. அடுப்பில் வைத்துக்கொண்டே இருந்தாலும் காப்பி சூடாக இருக்கும், ஃபிளாஸ்க்கில் ஊற்றினாலும் சூடாக இருக்கும். முன்னதற்கு எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும், பின்னதற்கு ஒன்றும் வேண்டாம். அதே ஃபிளாஸ்க் பனிநீரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். இந்த வீடும் அப்படியே. சன்னல் வழி விழும் வெயில், ஆட்களின் உடற்சூடு, சமையலின் சூடு ஆகியவற்றை ஏற்று வெளியே விடாமல் வைத்திருக்கும். கோடையிலோ, வெயிலைச் சன்னலுக்கு வெளியிலேயே மறித்துவிட வேண்டும். நிழலமைப்பை மறந்தால் அதே ஃபிளாஸ்க் உள்ளே இருப்பவரைப் புழுக்கிவிடும்.

அளவுகோல் கறாரானது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதற்குமான வெப்பத் தேவை 15 கிலோவாட் மணிக்குள் இருக்க வேண்டும், அல்லது உச்சக் குளிரிலும் 10 வாட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது கணக்கின்படி 120 சதுர மீட்டர் வீட்டுக்கு 1200 வாட் போதும், ஏறக்குறைய ஒரு தலைமுடி உலர்த்தி இழுக்கும் மின்சாரம்! இடுக்குகளில் காற்று கசிகிறதா என்றும் சோதிப்பார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வைத்துப் பார்க்கும்போது, ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று வீட்டின் காற்றுக் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது. இவ்வளவு இறுக்கினால் மூச்சு முட்டாதா? முட்டாது. வெளியேறும் காற்றின் சூட்டில் முக்கால் பங்காவது பறித்து உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்டக் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டும்போது சன்னலையும் திறக்கலாம்.

இந்தக் கருவி இருப்பதால்தான் ‘பொறியில்லா வீடு’ என்ற பெயரும் ஒத்துவராது. ‘மந்த வீடு’ இன்னும் மோசம். ‘செயப்பாட்டு வீடு’ வேருக்கு நேர்மையானது, ஆனால் இலக்கண வகுப்பைத்தான் நினைவூட்டும். ‘சுழிய ஆற்றல் வீடு’ வேறு பொருள். அது ஓராண்டில் செலவிடும் அளவு ஆற்றலைத் தானே ஆக்கிக்கொள்ளும் வீடு. சூடு ஒழுகும் சுவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கூரை நிறையச் சூரியத் தகடு பதித்தாலும் அந்தக் கணக்கு நேராகிவிடக்கூடும். இங்கோ முதல் வேலையே தேவையைக் குறைப்பது.

என் தேர்வு ‘இயற்காப்பு’. இயல் என்பது ஒன்றின் தன்மை, அமைப்பு. காப்பு என்ற சொல் இத்துறையில் ஏற்கெனவே வேரூன்றியது: வெப்பக்காப்பு, மின்காப்பு என்கிறோம். இயல் + காப்பு இயற்காப்பு ஆகும், இயல் + பெயர் இயற்பெயர் ஆவதுபோல. தன் இயல்பிலேயே காத்துக்கொள்வது என்று பொருள் வரும். தற்காப்பு என்ற பழகிய சொல்லின் சாயலும் இருப்பதால் முதல்முறை கேட்பவருக்கும் பிடிபடும். காப்பதும் ஒரு செயல்தான் என்பதால் ‘செயலற்ற’ என்ற நிழலும் நீங்கிவிடுகிறது.

‘ஹவுஸ்’ பகுதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மனில் ‘ஹௌஸ்’ குடியிருப்பை மட்டும் குறிப்பதில்லை. மருத்துவமனைக்கும் நகராட்சி மாளிகைக்கும் உள்ள சொற்களும் அதில்தான் முடியும். பள்ளி, அலுவலகம் எதையும் இம்முறையில் கட்டலாம். ஆகவே பொதுவாகச் சொல்லும்போது இயற்காப்புக் கட்டடம் என்றும், குடியிருப்பைச் சொல்லும்போது இயற்காப்பு வீடு என்றும் எழுதலாம். முதல் சில முறை பக்கத்திலேயே ‘பாசிவ் ஹவுஸ்’ என்று குறிப்பிடுவதில் தவறில்லை.