பயிர்க் காப்பீடு: ரசீது கையில் இருந்தும் பணம் வராமல் போவது ஏன்?

வயல் மூழ்கி, கதிர் முளைத்து, எல்லாம் போன பிறகு, காப்பீடு கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மாறி மாறி நடக்கிறவர்களைக் காவிரி டெல்டாவில் ஒவ்வொரு தை மாசியிலும் பார்க்கலாம். இதில் பலருக்குப் பணம் வராமல் போவதற்கான காரணம் நவம்பரில் ரசீது போட்ட அன்றைக்கே உண்டாகிவிடுகிறது, அது யாரும் சொல்லாததால் தெரியாமல் போகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லின் மேல் மழை கொட்டியது. இப்படி அடுத்தடுத்து வரும் இழப்புக்கு ஒவ்வொரு முறையும் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது என்று பல நாட்டு அரசுகளும் காப்பீட்டின் பக்கம் போகின்றன. அமெரிக்காவில்கூட விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது. நம் நாட்டில் இது 2016இல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. காரீப் என்னும் தென்மேற்குப் பருவப் பயிருக்கு 2 சதவீதம், ராபி என்னும் குளிர்காலப் பயிருக்கு 1.5, பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும், மீதியை மத்திய அரசும் மாநில அரசும் கட்டும். சம்பா ராபி கணக்கில் வருவதால் ஏக்கருக்கு ஐந்நூறு சொச்சம் ரூபாய்தான் ஆகிறது. திட்டம் இவ்வளவுதான், இனி சிக்கலுக்கு வருவோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் காப்பீடு செய்வது உங்கள் வயலை இல்லை, உங்கள் வருவாய் கிராமத்தின் சராசரி விளைச்சலை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிராமத்துக்கு உத்தரவாத மகசூல், அதாவது சராசரி இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு என்று வைத்திருக்கும் அளவு, ஏக்கருக்கு 1,600 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைச் சோதனையில் கிராம சராசரி 1,200 கிலோ வந்தால் குறைவு கால் பங்கு, எல்லோருக்கும் ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரும். உங்கள் வயலில் ஒரு மூட்டைகூட தேறவில்லை என்றாலும் அதே 9,000தான். கிராம சராசரி 1,650 கிலோ வந்துவிட்டால், பள்ளக்கால் ஓரத்தில் உங்கள் வயல் மட்டும் அழுகிக் கிடந்தாலும் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. இதைப் பிரீமியம் வாங்கும் இடத்தில் சொல்வதே இல்லை.

இந்த உத்தரவாத மகசூலை எப்படிப் போடுகிறார்கள் என்றால், கடந்த 7 வருட விளைச்சலில் நல்ல 5 வருடத்தை எடுத்து சராசரி பார்த்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம். ஏழில் இரண்டு வருடம் கெட்டால் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று நான்கு வருடம் கெட்டால் என்ன ஆகும்? கெட்ட வருடமும் சராசரிக்குள் வந்து உத்தரவாதமே இறங்கிவிடும். அதாவது எந்தக் கிராமத்தை வானிலை அதிகமாக அடிக்கிறதோ அந்தக் கிராமத்துக்குத்தான் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. பருவநிலை மாற்றத்துக்காகக் கொண்டுவந்ததாகச் சொல்லும் ஒரு திட்டத்தில் இந்தக் கணக்கை இன்னும் அப்படியே வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, ரசீதுக்கு வருவோம். கையில் வாங்கியதும் நான்கு விஷயத்தை அங்கேயே நின்று படியுங்கள்: வருவாய் கிராமத்தின் பெயர், சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு, பயிர். இதில் கிராமத்தின் பெயர்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஒரே பெயரில் வடக்கு, தெற்கு என்றும், முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்றும் கிராமங்கள் இருக்கின்றன. கணினியில் தேர்வு செய்கிறவர் அவசரத்தில் பக்கத்து வரியை அழுத்திவிட்டால், உங்கள் காப்பீடு வேறு கிராமத்தின் சராசரியோடு போய்ச் சேரும். பக்கத்து கிராமத்துக்குப் பணம் வராமல் உங்கள் கிராமத்துக்கு மட்டும் வந்த வருடத்தில்தான் இது வெளியே தெரியும், அப்போது திருத்த வழி இருக்காது. திருத்தம் எல்லாம் கடைசித் தேதிக்கு முன்னால்தான் சுலபம். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று சில வருட அனுபவத்தை நம்பி உட்காராதீர்கள், கடைசி இரண்டு நாள் இணையதளம் நகராது. அக்டோபர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள்.

ரசீது வாங்கிய ஒரு வாரம் கழித்து, திட்டத்தின் இணையதளத்தில் அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பேப்பரில் ரசீது இருந்து இணையதளத்தில் பெயர் ஏறவில்லை என்றால் காப்பீடு இல்லை என்றுதான் கம்பெனி சொல்லும். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ பணத்தைப் பிடித்துவிட்டுப் பதிவேற்றாமல் விட்டிருந்தால் இழப்பீட்டுக்கு அந்த வங்கிதான் பொறுப்பு, இது திட்ட விதியிலேயே இருக்கிறது. கவுண்டரில் இதைச் சொன்னால் தெரியாத மாதிரி இருப்பார்கள். எழுதிக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது சேவை மையத்தில் பிரீமியம் தவிர வேறு எதுவும் கொடுக்கத் தேவையில்லை, அவர்களுக்கான கூலியைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கிறது.

கூட்டுறவு சொசைட்டியிலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 2020 முதல் காப்பீடு யாருக்கும் கட்டாயம் இல்லை, ஆனால் வேண்டாம் என்று கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால் கடன்காரரின் கணக்கிலிருந்து பிடித்துவிடுவார்கள். அது தெரியாமல் அதே சர்வே எண்ணுக்கு வெளியில் இன்னொரு முறை கட்டுகிறவர்கள் உண்டு. ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் இரண்டையும் நிராகரிக்கிற ஆபத்து இருக்கிறது. முதலில் சொசைட்டியில் கேளுங்கள், அப்புறம் கட்டுங்கள்.

அடங்கல் விஷயத்தில் அலையவிடுவது தனிக் கதை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கணக்குதான் அடங்கல். நடப்புப் பசலி (வருவாய்த் துறையின் ஆண்டு) அடங்கல் அல்லது விதைப்புச் சான்று கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கொடுக்க வேண்டும். ஜூலையில் பசலி மாறிவிடும் என்பதால் போன வருட அடங்கலை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். விஏஓ கூடுதல் பொறுப்பில் இரண்டு மூன்று கிராமம் பார்க்கிறார் என்றால் கடைசி வாரத்தில் அவரைப் பிடிப்பதே பெரும்பாடு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவாக இருக்கிறது என்பவர்கள் அடங்கலில் சாகுபடி செய்கிறவர் என்ற இடத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

குத்தகைக்காரர்களுக்கும் இந்தத் திட்டத்தில் உரிமை உண்டு. நடைமுறையில் அவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நிலத்துக்காரர் எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டார், குத்தகை உரிமை கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சில இடத்தில் வெளியூரில் இருக்கும் நிலத்துக்காரரே தன் பெயரில் காப்பீடு போட்டு, சேற்றில் இறங்காமல் இழப்பீட்டை வாங்கிக்கொள்கிறார். குத்தகை பேசும்போதே காப்பீடு யார் பெயரில் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். சாகுபடி உங்களுடையது என்பதற்கு விஏஓவின் அடங்கல்தான் உங்கள் பலம்.

இனி 72 மணி நேரம். இந்த எண்ணை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், எதற்கு என்பதில்தான் குழப்பம். கிராம சராசரி அடிப்படையில் வரும் இழப்பீட்டுக்கு நீங்கள் யாருக்கும் போன் செய்யத் தேவையில்லை. தனி வயல் இழப்பு இரண்டு வகைக்குத்தான் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒன்று, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, இயற்கைத் தீ போன்றவை. வயலில் தண்ணீர் தேங்குவதும் இதில் உண்டு, ஆனால் நெல்லுக்கு அதை 2018இல் எடுத்துவிட்டார்கள். டெல்டாக்காரனுக்கு எது முக்கியமோ அது மட்டும் இத்தனை வருடம் இல்லாமல் இருந்தது. 2026 காரீப் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. பிரீமியம் கட்டும் முன் உங்கள் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வகை, அறுவடைக்குப் பிந்தைய இழப்பு. அறுத்து வயலிலேயே காயப் போட்ட கதிர், 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால் கிடைக்கும். கவனியுங்கள், வயலில் பரப்பிய கதிருக்குத்தான். இப்போது யார் அப்படி அறுக்கிறார்கள்? மெஷின் இறங்கி ஒரே ஓட்டத்தில் அறுத்து அடித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போட்டுக் குவித்துவைத்து, டோக்கனுக்காகக் காத்துக் கிடக்கும் நெல் நனைந்து முளைத்தால் இந்தக் காப்பீட்டில் ஒரு பைசா கிடையாது. அதை நம்பி யாரும் மனு எழுதி அலைய வேண்டாம், அந்த நெல்லை ஈரம் கூடுதலாக இருந்தாலும் வாங்கும்படி ஈரப்பதத் தளர்வு கேட்டு ஆட்சியரிடம் போவதுதான் வழி.

தகவல் சொல்ல 14447 என்ற எண். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் போனை வைக்காதீர்கள். சர்வே எண், பயிர், என்ன நடந்தது, எந்தத் தேதி என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் கம்பெனி ஆள் நியமித்து, 10 நாளில் வயலைப் பார்த்து முடிக்க வேண்டும். வருகிறவர் நீட்டும் படிவத்தில் சேத சதவீதம் எழுதாமல் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய பிறகு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போடுங்கள்.

அறுவடைச் சோதனையை ஊரே சேர்ந்து கவனிக்க வேண்டும். கிராமத்துக்கு நான்கு இடத்தில், ஐந்து மீட்டர் நீளம் ஐந்து மீட்டர் அகலம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். பெரும்பாலும் அந்த நான்கு சதுரம்தான் ஊர் முழுவதற்கும் பணம் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறது. எந்தெந்த சர்வே எண் தேர்வாகியிருக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்பே கேட்டு, அந்த வயல்காரரிடம் மெஷினை அவசரப்பட்டு இறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எடை போடும்போது இரண்டு பேர் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் குறைதீர் கூட்டத்தில் பேசும்போது உங்கள் நோட்டில் இருக்கும் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று, புயலுக்குப் பிறகு விஏஓவும் வேளாண் அலுவலரும் வந்து 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதுகிறார்களே, அது மாநில அரசின் நிவாரணத்துக்கு. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் கொடுத்தது அந்தக் கணக்கில்தான். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் காப்பீடு வந்துவிடாது, நிவாரணம் வாங்கியதால் காப்பீடு போய்விடவும் செய்யாது. வாங்கிவிட்டீர்களே, இனி அது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் தாமதமானால் மாநில அரசின் பங்கு வரவில்லை என்று கம்பெனி சொல்லும், கம்பெனிதான் கணக்கு முடிக்கவில்லை என்று அலுவலகம் சொல்லும், ஆதார் இணைக்கவில்லை என்று வங்கி சொல்லும். இதில் உங்களால் சரிபார்க்க முடிவது கடைசியாகச் சொன்னது மட்டும்தான், அதை முதலில் முடித்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள், மாவட்ட அளவில் இந்தத் திட்டத்தின் குறைதீர் குழுவுக்குத் தலைவர் அவர்தான். மனுவில் விண்ணப்ப எண், கிராமம், சர்வே எண் எழுதி, அந்த கிராமத்தின் உத்தரவாத மகசூல் எவ்வளவு, சோதனையில் வந்த மகசூல் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் கேளுங்கள். கம்பெனி தாமதித்தால் 12 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதையும் அதே மனுவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். தனியாகப் போகாமல் அதே கிராமத்தில் காப்பீடு கட்டியவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வருகிறது.