நாஷ்வில் கோபுரத்தில் 70 அடியை ஏன் வெட்டினார்கள்?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து உள்ளூர் வானொலி ஒன்றின் கன்ட்ரி இசை பல மாநிலங்கள் தாண்டிக் கேட்டது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டபிள்யூஎஸ்எம் நிலையத்தைத்தான் சொல்கிறார்.

1925 அக்டோபரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. அப்போது சக்தி வெறும் 1,000 வாட். அடுத்த மாதமே ஜிம்மி தாம்சன் என்ற முதியவர் பிடில் வாசிக்க, சனிக்கிழமை இரவு நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ஆரம்பமானது. 1927இல் அதற்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் வந்தது, இன்றும் நடக்கிறது. பாலிசி விற்கப் போன முகவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே கதவு திறந்துவிட்டது. 1932இல் சக்தி 50,000 வாட் ஆனது, 878 அடிக் கோபுரமும் எழுந்தது. நடுவில் பருத்து இரு முனையிலும் கூராகும் வைர வடிவம். மொத்த எடையும் அடியில் மின்சாரம் கடத்தாத ஒரு பீங்கான் காப்பான்மேல் நிற்கிறது. கோபுரமேதான் ஆன்டெனா.

இரவில் தூரத்து நிலையங்கள் கேட்பது ஊர் அடங்குவதால் அல்ல. வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள்தான் அயனி மண்டலம். பகலில் இந்த நிலையம் பயன்படுத்தும் மீடியம் வேவ் அலைகளை விழுங்கும் அதன் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும். அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பும். இது பள்ளிப் பாடம்தான்.

எனக்குப் பிடித்தது அடுத்தது. நிலையத்துக்கு அருகே, தரையை ஒட்டிப் பரவும் தரையலை வலுவாக இருக்கும்; வெகுதொலைவில், அயனி மண்டலத்தில் திரும்பி வரும் வானலை மட்டுமே வரும். இடைப்பட்ட வளையத்தில் இரண்டும் ஏறக்குறைய சம பலத்தோடு வந்து சேரும். மேலே அயனி அடுக்கு அசைந்துகொண்டே இருப்பதால், ஒரு நிமிடம் இரண்டும் கூடும், அடுத்த நிமிடம் ஒன்றையொன்று அழிக்கும். பாட்டு அலைந்து, தேய்ந்து, கரகரக்கும். கோபுரத்தை உயர்த்தினால் சக்தி தரையோடு ஒட்டிப் போகும், தரையலை ஜெயிக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நிலையத்தின் அலைவரிசையான 650 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 461 மீட்டர். கோபுர உச்சியிலிருந்து அரை அலைநீளம், அதாவது 230 மீட்டர்வரை மின்னோட்டம் ஒரே திசையில் ஓடும். அதற்குக் கீழே திசை மாறிவிடும். 878 அடி என்பது 268 மீட்டர். ஆக, அடியில் சுமார் 37 மீட்டர் எதிர்த்திசையில் ஓடியது. கிடைமட்டத்தில் இது பெரிய சேதமில்லை, மேல்பகுதியே ஆதிக்கம் செலுத்தும். மேல்நோக்கிய செங்குத்தான கோணத்தில் கணக்கு வேறு. அங்கே இரு பகுதிகளின் அலைகளுக்கும் பாதை வித்தியாசம் கூடுவதால், அவை கைகோத்து ஒரு தனிக் கற்றையாகக் கிளம்பும். அது அயனி மண்டலத்தில் மோதி, அந்த இடைவளையத்திலேயே இறங்கித் தரையலையோடு மல்லுக்கு நிற்கும். 1939இல் 70 அடியைக் கழித்து 808 அடியாக்கினார்கள். எதிர்த்திசைப் பகுதி பாதிக்கும் கீழே சுருங்கியது, அந்தக் கற்றையும் மெலிந்தது.

‘உயரமாகக் கட்டினால் போதும்’ என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான். அதைத் தகர்க்க உதவியது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பரச் செலவு. நம் ஊரில் இதே ஆய்வுக்கு நிதி கேட்டிருந்தால், ‘உடனடிப் பயன்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்றே திணறியிருப்பார்கள்.

அப்புறம், அந்த வைர வடிவமும் கைவிடப்பட்டது. நடுவில் பருத்தால் மின்னோட்டப் பரவல் குலைகிறது என்று தெரிந்ததும், பின்னால் வந்த கோபுரங்களை உச்சிவரை ஒரே பருமனில் கட்டினார்கள். நாஷ்வில் கோபுரமோ இன்றும் வைரமாகவே 650இல் ஒலிபரப்புகிறது.